ஒரு துறையின் தரவு இன்னொரு துறைக்கு எப்போது உதவும்?

1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக் குழுவினர் எடை போட்டு, நீளம் அளந்து, பதிவேட்டில் ஏற்றினார்கள். தாயின் உடல்நிலையும் குடும்பச் சூழலும் மகப்பேற்றை எவ்வாறு பாதிக்கின்றன என்பதுதான் அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்வி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்கள் அதில் சேர்ந்தன. அவர்களுள் பலருடைய உயரமும் எடையும் சிறு வயதிலும் வளரிளம் பருவத்திலும் மீண்டும் அளக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அந்தக் குழந்தைகளில் 2,218 பேரை 26 முதல் 32 வயதுக்குள் தேடிப் பிடித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்தபோது, சிறு வயதில் மெலிந்திருந்து பிறகு வேகமாக உடல் பருத்தவர்களிடம் சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இருப்பது தெரியவந்தது. மகப்பேறு பற்றிய ஆய்வுக்காக எழுதப்பட்ட எண்கள் நீரிழிவு ஆய்வுக்கு அடித்தளமாயின.

ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை வேறொரு நோக்கத்துக்காக, பெரும்பாலும் வேறொருவர் எடுத்தாளுவதைத் தரவு மறுபயன்பாடு என்கிறோம். எடுத்தாளுபவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருந்தால் சிக்கல் கூடுகிறது. ஒரே துறைக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும் பல செய்திகள், துறை தாண்டிய உடனே எவருக்கும் விளங்காத செய்திகளாகிவிடுகின்றன. ஆகவே ஒரு தரவுத் தொகுப்பைப் பாதுகாக்கலாமா, பொதுவில் வெளியிடலாமா, அதன்மேல் பணமும் உழைப்பும் செலவிடலாமா என்று முடிவெடுக்கும்போது, பிற துறையினருக்கு அதனால் என்ன மதிப்பு என்பதைத் தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. அதை எவ்வாறு செய்வது என்பதைத் தொடக்க நிலை வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தரவை வைத்து வெளிவந்த ஆய்வுக்கட்டுரை எவ்வளவு புகழ்பெற்றது என்று பார்ப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. என் கருத்தில் அது பெரும்பாலும் தவறான வழிகாட்டி. கட்டுரையின் மதிப்பு அது கண்ட விடையில் இருக்கிறது. தரவின் மதிப்போ அதைக் கொண்டு இன்னும் எத்தனை கேள்விகளுக்கு விடை தேடலாம் என்பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் வீடு வீடாகச் சென்ற சுகாதாரப் பணியாளர்கள் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேடுகளில் எழுதிவந்தார்கள். அவற்றை அடிப்படையாகக் கொண்டுதான், பிறக்கும்போது எடை குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் 1989-இல் எழுதினார்கள். அந்தப் பேரேடுகளை எழுதியவர்கள் எந்த ஆய்விதழுக்காகவும் எழுதவில்லை. ஆனால் எல்லாக் குழந்தைகளையும் ஒரே முறையில் அளந்தார்கள், விடாமல் எழுதினார்கள், ஏடுகளைத் தூக்கி எறியவும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து எடைபோடுவது? முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: இந்தத் தரவு அழிந்துபோனால் மறுபடியும் பெற முடியுமா? ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையை, செலவைப் பொறுத்துக்கொண்டால், திரும்பச் செய்யலாம். கணினிப் போலியாக்கத்தின், அதாவது ஒரு நிகழ்வைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பதன், வெளியீட்டை, நிரலும் உள்ளீடும் கையில் இருந்தால், மீண்டும் ஓட்டிப் பெறலாம். அங்கே வெளியீட்டைவிட நிரலைக் காப்பதே அறிவுடைமை. ஆனால் இயற்கையை ஒரு நாளில், ஓர் இடத்தில் நின்று நோக்கி எழுதியதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

வாணியம்பாடியை அடுத்த ஆலங்காயத்துக்கு அருகில், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் இதற்கு நல்ல சான்று. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. காவலூரில் இருந்த வானியலாளர்கள் அந்த விண்மீனின் ஒளியைத் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்தபோது, கோள் அதை மறைப்பதற்கு முன்பே ஒளி சட்டென்று மங்கித் தெளிந்தது. யுரேனஸுக்குப் புதியதொரு துணைக்கோள் இருக்கலாம் என்று அவர்கள் முதலில் விளக்கம் தந்தார்கள். அதே இரவில் அமெரிக்காவின் பறக்கும் வானாய்வகமான கைப்பர் விமானத்திலிருந்து எடுத்த பதிவில், கோளுக்கு இருபுறமும் இத்தகைய மங்கல்கள் ஒத்த தொலைவுகளில் இருந்ததால், அவை வளையங்கள் என்பது உறுதியானது. இதில் கவனிக்க வேண்டியது, விளக்கம் மாறியும் பதிவு அப்படியே நின்றது என்பதுதான். மங்கல் நேர்ந்த நேரம், அதன் அளவு, தொலைநோக்கி இருந்த இடம் ஆகியவை துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தால், எந்த விளக்கத்துக்கும் அந்தப் பதிவைப் பயன்படுத்தலாம். அதே விண்மீன் அதே கோணத்தில் அதே கோளுக்குப் பின்னால் மறுபடி செல்லப்போவதில்லை. வானாய்வகங்களில் இரவுதோறும் எழுதப்படும் குறிப்பேட்டில் மேகமூட்டம், காற்று, வானத்தின் தெளிவு ஆகியவையும் இடம்பெறுவது வழக்கம். வானியலாளருக்கு அவை நோக்கு நேரம் வீணான கணக்கு, வானிலை ஆய்வாளருக்கோ பல்லாண்டுக் காலநிலைப் பதிவு.

மீண்டும் பெற முடியாதது என்பதால் மட்டுமே ஒரு தரவு பயனுடையதாகிவிடாது. இரண்டாவது கேள்வி அதைவிடக் கடினமானது: அளந்தவரை நேரில் கேட்காமலேயே, முன்பின் அறியாத ஒருவர் இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியுமா? பெரும்பாலான தரவுத் தொகுப்புகள் தோற்கும் இடம் இதுதான். ஆகவே இதைச் சற்று நின்று பார்ப்போம்.

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ளன. தோல் பதனிடுவதில் குரோமிய உப்பு பயன்படுவதாலும், கழிவுநீரில் சோடிய உப்புகள் மிகுந்திருப்பதாலும், இந்தப் பகுதியின் கிணற்று நீரைப் பலரும் பல காலமாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். அத்தகைய ஆய்வு ஒன்றின் விரிதாளில் ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கிணறு எண் 14, நாள் 03/05, நீர்மட்டம் 9.6, மின்கடத்துதிறன் 4200, குரோமியம் 0.04. எடுத்தவருக்கு இந்த வரியில் எந்த ஐயமும் இல்லை. இனி இதை வேறு துறையினர் கையில் கொடுத்துப் பார்ப்போம்.

நீர்வளப் பொறியாளர் நீர்மட்டத்தைப் பார்க்கிறார். 9.6 என்பது மீட்டரா? மீட்டர் என்றே கொண்டாலும், தரைமட்டத்திலிருந்து அளந்ததா, கிணற்றின் கைப்பிடிச் சுவர் விளிம்பிலிருந்து அளந்ததா? கைப்பிடிச் சுவர் முக்கால் மீட்டர் உயரம் இருந்தால், அந்த முக்கால் மீட்டர் முழுதும் பிழையாக உள்ளே நுழைகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. அந்த அளவுகளோடு இதை ஒப்பிட வேண்டுமானால் தொடங்கு புள்ளி தெரிந்தாக வேண்டும். அளப்பதற்கு முன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா என்பதும் தெரிய வேண்டும். இறைத்த கிணற்றில் மட்டம் தாழ்ந்திருக்கும். அது ஊரின் நிலத்தடி நீர்மட்டம் ஆகாது.

வேளாண் அறிவியலாளருக்கு மின்கடத்துதிறன்தான் முதன்மை, ஏனெனில் நீரின் உப்புத்தன்மையைக் காட்டுவது அது. நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும் என்பதால், அளவீட்டை 25 பாகைக்குத் திருத்தி எழுதுவது மரபு. வேலூர் மே மாத வெயிலில், களத்தில் வாளியில் இறைத்து வைத்த நீர் 34 பாகையில் இருந்து, கருவி அதைத் திருத்தாமலே காட்டியிருந்தால், 4200 என்ற எண்ணின் உண்மை மதிப்பு 3600-க்குப் பக்கத்தில் இருக்கும். பயிர் தாங்குமா தாங்காதா என்ற முடிவில் இந்த வேறுபாடு சிறியதன்று.

மருத்துவர் குரோமியத்தைப் பார்க்கிறார். குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, 0.04 அதற்குள் அடங்குவது போலத் தெரிகிறது. ஆனால் குரோமியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேதி வடிவங்கள் உண்டு; உடலுக்குப் பெருங்கேடு செய்வது ஆறிணைதிறக் குரோமியம். தோல் பதனிடுவதில் பெரிதும் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் அவ்வளவு நச்சுடையதன்று. விரிதாளில் உள்ளது எது? மொத்தக் குரோமியத்தை அளப்பவர்கள் மாதிரியை எடுத்த கையோடு நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாப்பார்கள். ஆறிணைதிறக் குரோமியத்தை அளக்க வேண்டுமானால் அப்படி அமிலம் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அமிலச் சூழலில் அது மூவிணைதிற வடிவத்துக்கு மாறிவிடும். நீரை வடிகட்டிய பிறகு அளந்தார்களா, சேற்றுத் துகளோடு அளந்தார்களா என்பதும் விடையை மாற்றும். அதே நெடுவரிசையில் வேறு சில கிணறுகளுக்கு 0 என்று எழுதியிருந்தால், குரோமியமே இல்லை என்று பொருளா, கருவியின் கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று பொருளா? முன்னதையும் பின்னதையும் ஒன்றாகக் கொண்டு சராசரி எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

நாளையும் விட்டுவிட முடியாது. 03/05 என்பது நம் வழக்கில் மே 3. அமெரிக்க அமைப்புள்ள கணினியில் மார்ச் 5. ஆண்டு இல்லையென்றால் பாலாற்றில் வெள்ளம் புரண்ட 2021 நவம்பருக்கு முந்தியதா பிந்தியதா என்பதுகூடத் தெரியாது. விரிதாள் மென்பொருள் தானாக நாள்களை மாற்றுவது வேடிக்கைக் கதை போலத் தோன்றலாம்; ஆனால் மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை அது மாதப் பெயர்களாக எண்ணி நாள்களாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல், 2020-இல் மனித மரபணுப் பெயரிடல் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது.

இந்த ஐயங்கள் அனைத்துக்கும் விடை ஒரு பக்க விளக்கக் கோப்பில் அடங்கிவிடும்: ஒவ்வொரு நெடுவரிசையின் பொருள், அலகு, அளந்த முறை, கருவி, கண்டறியும் வரம்பு, விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் வழி, மாதிரி எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு. இந்த ஒரு பக்கம் இருந்தால் மேற்சொன்ன மூவரும் அந்த விரிதாளை எடுத்தாளலாம். இல்லாவிட்டால், அளந்த மாணவர் பட்டம் பெற்று ஊரை விட்டுப் போன மறுநாளே அது வெறும் எண்களின் குவியல். எனவே ஒரு தரவின் மதிப்பை எடைபோட வருபவர் எண்களைத் திறப்பதற்கு முன் விளக்கக் கோப்பைத் திறப்பது நல்லது.

இவ்வளவு துல்லியமும் எல்லாக் கேள்விகளுக்கும் தேவைப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்டக் கணக்கெடுப்பு சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் இந்த எண் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. மண் ஆய்வாளருக்கு முதற்கட்டக் கணக்கெடுப்பு போதாது. பாதிப்பு எவ்வளவு பரந்தது என்று கேட்ட நீதிமன்றத்துக்கு அது பயன்பட்டது. தரவின் தகுதி கேள்வியைப் பொறுத்தது என்பதால்தான், பொத்தாம்பொதுவாகத் தரமானது, தரமற்றது என்று முத்திரை குத்துவது துறை தாண்டிய பயன்பாட்டில் செல்லுபடியாவதில்லை.

ஒரு துறை இரைச்சல் என்று கழித்துவிடுவது இன்னொரு துறைக்குச் செய்தியாக அமைவதும் உண்டு. செயற்கைக்கோள்வழி இடங்காட்டியின் அலைகள் வளிமண்டல நீராவியின் ஊடே வரும்போது சற்றுத் தாமதமாகின்றன. இடத்தைத் துல்லியமாக அறிய விரும்பும் நில அளவையாளருக்கு அது கழித்துவிட வேண்டிய பிழை; வானிலை ஆய்வாளருக்கோ காற்றில் எவ்வளவு ஈரம் உள்ளது என்பதைச் சொல்லும் அளவீடு. மழையைக் காண வைத்த ரேடாரில் பறவைக் கூட்டங்கள் தெரிவதும், அவற்றை வடிகட்டி எறியாமல் வைத்ததால் வலசைப் பறவை ஆய்வாளர்கள் பயன்பெற்றதும் இதே வகை. ஆகவே சுத்தம் செய்த தரவை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது, நாளைய வேற்றுத் துறை ஆய்வாளரின் வேலையை இன்றே முடக்குவதாகும். இடம் இருந்தால் இரண்டையும் வைக்கலாம். இல்லாவிட்டால், சுத்தம் செய்தபோது எதை நீக்கினோம் என்பதையாவது எழுதி வைக்கலாம்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, ஒரு தரவை இன்னொரு தரவோடு இணைக்க முடியுமா என்பது. வட ஆற்காடு மாவட்டத்தைப் போல இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு அரிது. 1911-இல் அதன் வடபகுதி பிரிந்து சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1989-இல் திருவண்ணாமலை தனியானது. எஞ்சியது பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. ஆக 1981 மக்கள்தொகைக் கணக்கில் வட ஆற்காடு என்று அச்சிட்ட எண், இன்றைய நான்கு மாவட்டங்களுக்கு உரியது. மாவட்டப் பெயரை மட்டும் வைத்து நோய்ப் பரவல், விளைச்சல், மழை ஆகியவற்றின் அட்டவணைகளை அடுத்தடுத்து ஒட்டினால், 2019-க்குப் பிறகு வேலூரில் நெல் விளைச்சல் திடீரென்று சரிந்ததாகப் படம் வரும், சரிந்தது எல்லைக்கோடு. கிராமம் அல்லது ஊராட்சி ஒன்றிய அளவில் பதிந்த தரவுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் சிறு அலகுகளைக் கூட்டி எந்த எல்லைக்கும் பொருத்தலாம். மாவட்ட மொத்தம் மட்டும் எஞ்சியிருந்தால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

சிறு அலகாகப் பதிவதில் ஆபத்தும் உண்டு. கிராமத்தின் பெயர், வயது, பாலினம், நோய் ஆகிய நான்கும் சேர்ந்தால், பெயரை நீக்கிவிட்டாலும் ஊரார் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். தொழுநோய் போன்று சமூகம் ஒதுக்கிவைத்த நோயின் பதிவேடாக இருந்தால் அதன் விளைவு அந்தக் குடும்பத்தின் திருமணப் பேச்சுவரை செல்லும். அறிவியல் மதிப்பு கூடக்கூட வெளியிடும் உரிமை குறைந்துகொண்டே போகும் இடம் இது. அளவெடுக்க இசைந்தவர்கள் எந்த நோக்கத்துக்காக இசைந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த இசைவு எல்லாவற்றுக்கும் கொடுத்ததாகாது. இத்தகைய தரவைப் பொதுவில் போடாமல், ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு கேட்பவருக்கு மட்டும் தருவதும் மறுபயன்பாடுதான். யார் விடுபட்டார்கள் என்பதும் இங்கே சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி: வேலூர் ஆய்வில், பிறந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த குழுவில், முப்பதாண்டுக்குப் பின் சோதிக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் என்றால், அவர்கள் மற்றவர்களிலிருந்து எவ்வகையில் வேறுபட்டவர்கள் என்று ஆராயாமல் முடிவை ஊர் முழுமைக்கும் பொருத்தக் கூடாது.

செலவு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கணினிக் கோப்பைச் சேமிக்கும் செலவு சிறிது. தாளில் உள்ளதை எண்ணிம வடிவுக்கு மாற்றுவதும், விளக்கம் எழுதுவதும், பழைய வடிவக் கோப்புகளைக் காலத்துக்கேற்ப மாற்றிவைப்பதும்தான் ஆள்பலம் கேட்பவை. எல்லாவற்றையும் காக்க முடியாது. திரும்பப் பெற முடியாததற்கும், நல்ல விளக்கத்தோடு இருப்பதற்கும் முன்னுரிமை கொடுத்துவிட்டு, எளிதில் மறுபடி செய்யக்கூடியதை விட்டுவிடுவதில் தவறில்லை. திரும்பப் பெற முடியாததாகவும் விளக்கம் இல்லாததாகவும் இருப்பதுதான் தருமசங்கடம்; அளந்தவர் இருக்கும்போதே அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வது தவிர அதற்கு மாற்று இல்லை.

2016-இல் வெளியான ஃபேர் நெறிகள், தரவு தேடினால் கிடைக்க வேண்டும், அணுகத்தக்கதாக இருக்க வேண்டும், பிற தரவுகளோடு இணைய வேண்டும், மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று நான்கு தகுதிகளைச் சொல்கின்றன. இன்று நிதி வழங்கும் அமைப்புகள் பலவும் இவற்றைக் கேட்கின்றன. ஒரு கோப்பு இந்த நான்கையும் நிறைவு செய்துவிட்டு, கைப்பிடிச் சுவரைக் கணக்கில் கொள்ளாத நீர்மட்டத்தை உள்ளே வைத்திருக்கவும் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இவை பயனுள்ள நெறிகள்தாம்.

வேலூரிலோ இராணிப்பேட்டையிலோ உள்ள ஒரு கல்லூரி மாணவர் தம் ஆய்வுத் தரவை இவ்வகையில் சோதித்துப் பார்க்க விரும்பினால், அதிக ஏற்பாடு தேவையில்லை. வேதியியல் மாணவர் தம் விரிதாளைப் பொருளியலோ தாவரவியலோ படிக்கும் நண்பரிடம் கொடுத்து, தாம் பக்கத்தில் இல்லாமல் அதிலிருந்து ஒரு வரைபடம் போடச் சொல்லலாம். நண்பர் எந்த இடத்தில் தொலைபேசியை எடுத்துச் சந்தேகம் கேட்கிறாரோ, அந்த இடத்தில் விளக்கக் கோப்பில் ஒரு வரி குறைகிறது. அந்த வரிகளை எழுதிய பிறகு, ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் கோப்பை ஏற்றினால், மாறாத அடையாள எண் ஒன்று கிடைக்கும். பயன்படுத்துவோர் அதைக் குறிப்பிட்டு மேற்கோள் காட்டலாம். ஏற்றும்போது உரிமம் எது என்று கேட்கும் கட்டத்தையும் பார்த்து நிரப்ப வேண்டும். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமமே பல ஆய்வுத் தரவுகளுக்குப் போதுமானது. என்ன உரிமம் என்று தெரியாத கோப்பை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், கவனமுள்ள ஆய்வாளர் தொடத் தயங்குவார்.